பட்டாசுத் தொழிலாளியின் ஆண்டு வருமானம் எவ்வளவு? குழந்தையின் காப்பீட்டு அட்டைக்கு முன் நிற்கும் கேள்வி

"வருஷ வருமானம் எவ்வளவு?" மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு நிமிடக் கேள்வி. விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அல்ல; அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம்) 'ஃபயர் ஆபீஸ்' வேலைக்குப் போகிறவரிடம் கேட்டால் பதில் அவ்வளவு சுலபத்தில் வராது. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கு ஃபயர் ஆபீஸ் என்றுதான் பெயர்.

அங்கே பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கூலி. வெயில் அடித்தால்தான் மருந்து காயும். மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். நடுவில் உரிமையாளரிடம் வாங்கிய அட்வான்ஸ் கூலியில் கழியும். சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்குப் பிறகு, வேலை நாள் இன்னும் நிச்சயமில்லாமல் போனது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த எண்தான் வீட்டிலுள்ள குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்குமா, கிடைக்காதா என்பதை முடிவு செய்யும்.

1,20,000 என்ற கோடு

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு மாறிய திட்டம் இது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. நீண்ட காலம் 72,000 ரூபாயாக இருந்த வருமான உச்சவரம்பு, 2022-ல் திட்டம் நீட்டிக்கப்பட்டபோது 1,20,000 ஆனது. (72,000 என்று எழுதிய வருமானச் சான்றைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு.)

1,20,000 என்றால் மாதம் 10,000. ஒருவர் நாளுக்கு 500 ரூபாய் கூலி வாங்கி, மாதம் 20 நாள் வேலைக்குப் போனால் சரியாக அந்தக் கோட்டில் நிற்பார். கணக்கில் எடுப்பது குடும்பத்தின் மொத்த வருமானம் என்பதால், மனைவியும் அதே ஆபீஸில் வேலை பார்த்தால் கோட்டைத் தாண்டியாயிற்று. ஆனால் அதே குடும்பம் மழைக் காலத்தில் இரண்டு மாதம் சும்மா இருந்திருக்கலாம். எந்த மாதத்தை வைத்து வருஷத்தைக் கணக்குப் போடுவது?

முடிவு செய்வது யார்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் (1965), குழந்தைகளுக்கான சிப் (1997) திட்டங்களில் விண்ணப்பத்தைப் பார்த்து, தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும் அலுவலர்கள் அவர்கள். அங்கேயும் கூலி ஏறி இறங்கினால் குழந்தையின் காப்பீடு நடுவில் அறுந்துபோகும் சிக்கல் இருந்தது. அதனால் 2024 ஜனவரி 1 முதல், ஒரு குழந்தை தகுதி பெற்றுவிட்டால் குடும்ப வருமானம் மாறினாலும் 12 மாதம் காப்பீடு தொடர வேண்டும் என்று எல்லா மாகாணங்களுக்கும் விதி வந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலை மூன்று மேஜைகளில் பிரிந்து கிடக்கிறது. முதல் மேஜை கிராம நிர்வாக அலுவலருடையது. பட்டா, அடங்கல், சாதிச் சான்று, வெள்ளச் சேதம் என்று ஊர் வேலை முழுக்கப் பார்க்கும் அவர்தான் வருமானத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பதாரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கூட்டி எழுதினால் குழந்தைக்கு அட்டை போச்சு. குறைத்து எழுதினால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர். உண்மையில் கனமான முடிவு இங்கேதான் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் வாய்வார்த்தையை நம்பி.

இரண்டாவது, விருதுநகர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு போக வேண்டும். இங்கே யாரும் வருமானத்தை விசாரிப்பதில்லை. பேப்பர் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆனால் ஆலங்குளத்திலிருந்து போய் வர ஒரு நாள் கூலி போகும். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் இரண்டாவது நாளும் போகும்.

மூன்றாவது மேஜை மருத்துவமனையில். எந்தச் சிகிச்சை, எவ்வளவு தொகை என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி முன் அனுமதி வாங்குவார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே, அங்கே எதற்கு அட்டை கேட்கிறார்கள் என்று பலர் குழம்புவதுண்டு. அட்டை இருந்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கு வரும் என்பதுதான் காரணம். அட்டை இல்லையென்றாலும் அங்கே சிகிச்சை உண்டு. தனியார் மருத்துவமனைக்குப் போனால்தான், அட்டை இல்லாதவர் கைக்காசைப் போட வேண்டும்.

குழந்தைக்கு மட்டும் வரும் சிக்கல்

ரேஷன் கார்டில் பெயர் இருப்பதுதான் குடும்ப உறுப்பினர் என்பதற்கு அடையாளம். பிறந்த குழந்தையின் பெயர் அதில் உடனே ஏறிவிடாது. முதலில் பிறப்புச் சான்று வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையின் வீட்டில் இந்த அலைச்சல் சின்ன விஷயமில்லை.

காலக்கெடுவும் உண்டு. காது கேளாத குழந்தைக்குப் பொருத்தும் காக்ளியர் கருவி, இந்தத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருந்தால்தான். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும், பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் பரிசோதிக்க மருத்துவக் குழு வருகிறது. அந்தக் குழு நான்கு வயதில் குறையைக் கண்டுபிடித்தால், வருமானச் சான்றுக்கு அலையும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கெடுவிலிருந்து கழிகிறது.

விபத்துகள் வேறு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படிப் பெற்றோரை இழந்து இல்லத்தில் வளரும் குழந்தைகளை வருமான வரம்பு இல்லாமலே திட்டத்தில் சேர்க்க வழி இருக்கிறது. பாட்டி வீட்டில் வளரும் குழந்தைக்கோ, பாட்டியின் ரேஷன் கார்டில் பெயர் ஏற வேண்டும். ஊரில் அதிகம் நடப்பது இரண்டாவதுதான்.

ஈஎஸ்ஐ இருந்தால்?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, ஆலையின் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ உண்டு, பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சிவகாசியிலேயே ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுகிறவருக்கும், பதிவேட்டில் பெயர் ஏறாதவருக்கும் அது கிடையாது. அவர்களுக்கு அந்த ஒற்றை எண் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் அட்டைக்கு ஓடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. குழந்தை நன்றாக இருக்கும்போதே, அதுவும் ஆலை மூடியிருக்கும் தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் போனால் கூலியாவது மிஞ்சும். அட்டை ஏற்கெனவே இருந்தால் அதில் குழந்தை சேர்ந்திருக்கிறதா, பக்கத்தில் எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.