மாமனா, மருமகனா? டெல்டாவில் இன்னும் முடியாத ஒரு நாதஸ்வரப் போட்டி

கோயில் திருவிழா முடிந்த ராத்திரி, தஞ்சாவூர்ப் பக்கம் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "இப்ப வாசிக்கிற பசங்களும் நல்லாத்தான் வாசிக்கிறாங்க. ஆனா ராஜரத்தினம் முன்னாடி நிக்க முடியுமா?"

திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை இறந்தது 1956-ல். கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை.

வேறு வேறு காலத்து ஜாம்பவான்களை மனசுக்குள் மோதவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். குத்துச்சண்டையில் இதைப் படமாகவே எடுத்தார்கள். 1969-ல் அமெரிக்காவின் மயாமியில், 13 ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வுபெற்ற 45 வயது ராக்கி மார்சியானோவையும், ராணுவத்தில் சேர மறுத்ததால் தடையில் இருந்த 27 வயது முகமது அலியையும் கேமரா முன் சண்டைபோட வைத்தார்கள். யார் ஜெயிப்பது என்பதை கம்ப்யூட்டர் கணக்குப்போட்டுச் சொல்லும் என்று விளம்பரம். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலையில் 'விக்' வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளிவருவதற்குள் விமான விபத்தில் இறந்தும்போனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டப்பட்ட படத்தில் 13-வது ரவுண்டில் மார்சியானோ அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட இன்னொரு பிரதியில் ஜெயித்தது அலி!

கம்ப்யூட்டர் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு. டெல்டாவின் நாயனப் போட்டியிலும் இதே சிக்கல் இருக்கிறது.

எந்த நாயனத்தில் போட்டி?

ராஜரத்தினத்தைத் தத்தெடுத்து வளர்த்தவர் அவருடைய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை. அவரும் பெரிய நாதஸ்வர வித்வான். ராஜரத்தினம் சிறுவனாக இருந்தபோதே மறைந்துவிட்டார். மாமனையும் மருமகனையும் எதிரெதிரே நிறுத்தினால் யாருக்கு வெற்றி? பதில் சொல்லும் முன், கையில் எந்த வாத்தியம் என்று கேட்டாக வேண்டும்.

மாமன் காலத்து நாயனம் திமிரி. குட்டையானது, நாலு ஐந்து கட்டை சுருதி. மைக் இல்லாத தெருவில் தூரத்து வீடு வரை கேட்கும். மருமகன் பெயர் வாங்கியது பாரி நாயனத்தில். அது நீளமானது. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, குரலில் கனம் வந்தது. நாயனம் நீண்டால் துளைகளும் தள்ளிப்போகும், விரலை அகட்டிப் பிடிக்க வேண்டும். ராஜரத்தினம் கேட்ட நாதத்தைத் தேடி ஆச்சா மரத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. கும்பகோணம் - மயிலாடுதுறை வழியில் இருக்கும் அந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆக, மருமகன் களத்தையே மாற்றிவிட்டார். ஒத்து ஊதும் இடத்தில் தம்பூராவைக் கொண்டுவந்தார். சாமிக்கு முன்னால் நின்று வாசித்த வித்வான், மற்றவர்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்துக்கொண்டார். ராக ஆலாபனை ஒருபக்கம் இருக்கட்டும், இந்த மரியாதைச் சண்டைக்கே தனியாகப் புள்ளி போட வேண்டும்.

சாட்சி எங்கே?

ராஜரத்தினம் என்றால் தோடி. சாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, நாலு வீதியும் சுற்றி வரும்வரை ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கலாம். கூட்டமும் கூடவே நடக்கும். அந்தத் தோடி இசைத்தட்டில் ஏறியபோது கிடைத்தது பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். ஊர்வலத்தில் மணிக்கணக்கில் கேட்டவரும் யூடியூபில் இசைத்தட்டைக் கேட்பவரும் ஒரே போட்டிக்குத்தான் நடுவராக இருக்கிறார்களா? மாமன் வாசிப்புக்கோ இந்த மூன்று நிமிடச் சாட்சிகூட இல்லை. கேள்விப்பட்டதுதான் மிச்சம்.

சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலத்தின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமைக்காரர். குருவின் பக்கத்திலேயே இரண்டாவது நாயனம் வாசித்தவர் என்பதால் இந்த ஜோடியை நேரிலேயே ஒப்பிட்டவர்கள் இருந்தார்கள். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் வாசித்த 'சிங்கார வேலனே தேவா', நாதஸ்வரக் கச்சேரி பக்கமே போகாத வீடுகளுக்குள்ளும் போனது. இரண்டே வருடத்தில், நாற்பத்து சொச்சம் வயதில் மறைந்தார். ரசிகர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சிஷ்யர் ஜெயிக்கலாம். தோடியை வைத்துப் பார்த்தால், "குருதான்" என்று டெல்டாவில் அடித்துச் சொல்வார்கள்.

தவிலுக்கும் இதே கதைதான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் அரித்துவாரமங்கலம் பழனிவேலையும் மோதவிட்டால் விடிய விடியப் பேசலாம்.

அடி யாருக்கு விழுகிறது?

இது வெறும் டீக்கடை விளையாட்டாக இருந்தால் பரவாயில்லை. திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் இன்றைய இளைஞரும் இதே தராசில்தான் நிறுத்தப்படுகிறார். அவருக்குக் கிடைப்பது கல்யாண ரிசப்ஷனில் இருபது நிமிடம். எதிரே யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. அதற்குள் இரண்டு சினிமாப் பாட்டுக்குச் சீட்டு வந்துவிடும். ராகத்தை விரித்தால், "சீக்கிரம் முடிங்க சார், டிஜே ரெடி" என்பார்கள். ராஜரத்தினத்துக்கு ஒரு ராத்திரியையே கொடுத்த ஊர், இவருக்கு இருபது நிமிடம் கொடுத்துவிட்டு, "அவர் மாதிரி வருமா?" என்று கேட்கிறது. இந்தப் போட்டியில் மார்சியானோவுக்கு 'விக்' வைத்த நியாயம்கூட இல்லை.

தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும் என்பவர்கள் ராஜரத்தினத்தின் தோடியையும், காருகுறிச்சியின் கச்சேரிப் பதிவு ஒன்றையும், இன்று வாசிக்கும் ஒருவரின் முழு ஆலாபனையையும் ஒரே நாளில் கேட்டுப் பார்க்கலாம். ஹெட்போன் மட்டும் வேண்டாம். இது தெருவுக்காகச் செய்த வாத்தியம். ஸ்பீக்கரை மொட்டைமாடியில் வைத்துவிட்டு, பத்து அடி தள்ளி நின்று கேளுங்கள்.