போனக்காட்டில் ஒரு பகல்

தாயகம் சென்று திரும்பும் நம் குடும்பங்களுக்கு விடுமுறை எத்துணை விரைவில் கரைந்துபோகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உறவினர் இல்லங்கள், திருமணங்கள், வங்கி அலுவல்கள் என்று நாட்கள் கழிந்துவிடும். இம்முறை நாகர்கோவிலில் ஒரு திருமணம் முடிந்தபின் எங்கள் கையில் இரண்டே நாட்கள் எஞ்சி நின்றன. மணமாகிப் பதினோர் ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டுமாக ஓர் ஊரையும் சுற்றிப் பார்த்ததில்லை. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்திற்கு வண்டி ஏறினோம்.

முதல் நாள் நகரத்திற்கே போதவில்லை. 1880ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற நேப்பியர் அருங்காட்சியகத்தை முதலில் கண்டோம். சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் கேரளக் கூரையையும் மேல்நாட்டு அமைப்பையும் இணைத்து அதனை வகுத்தார். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே காற்று தானாகவே உலவியது. பின்னர்ச் சாலைக் கடைத்தெருவில் நடந்தோம். மலையாளமும் தமிழும் மாறிமாறிச் செவியில் விழுந்தன. இந்நகரில்தான் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தத்துவம் பயிற்றுவித்தார். 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். 1970இல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது அந்நூலின் பாடற்பகுதியே. நம் சங்க விழாக்கள் தோறும் நாம் எழுந்து நின்று பாடும் பாட்டு, தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் வாழ்ந்த ஒரு தமிழர் இயற்றியது என்பதை அன்று எண்ணி மகிழ்ந்தோம்.

மறுநாள் போனக்காடு. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா வழியாகச் சாலை செல்கிறது. விதுராவைக் கடந்ததும் காடு நெருங்கி வருகிறது. காணித்தடம் சோதனைச்சாவடியில் வனத்துறையார் விவரங்களைக் குறித்துக்கொண்டனர். அதன்பின் வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் காற்றின் குளிர்ச்சி கூடிற்று. இப்பகுதி மலைகளில் பிறக்கும் கரமனை ஆற்றைத் தடுத்து 1983இல் எழுப்பிய பேப்பாறை அணையே திருவனந்தபுரத்தாருக்குக் குடிநீர் தருகிறது.

போனக்காட்டில் இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது, முகிலுக்கிடையே அகத்தியர்கூடம் தோன்றி மறைந்தது. 1868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரமே நாம் பொதிகை என்று போற்றும் மலைத்தொடரின் முடி. அதன் கிழக்குப் புறத்தில் தாமிரபரணி இறங்கி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மலையேற விரும்புவோர் ஆண்டின் தொடக்கத்தில், வனத்துறையின் முன் அனுமதியுடன் இங்கிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 2019 முதல் மகளிரும் சிகரம் வரை செல்கின்றனர். அதனைக் கேட்ட எம் துணைவியார், அடுத்த விடுமுறைக்கு இப்பொழுதே நாள் குறிக்க வேண்டும் என்றார்.

நாங்கள் வந்த நோக்கம் மலையேற்றமன்று. ஒரு பங்களாவைக் காண்பது. 25 ஜி.பி. பங்களா என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பதின்மூன்று வயது மகள் அங்கே இறந்தாள் என்றும், அவள் ஆவி இன்றும் உலவுகிறது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை என்பதற்கு மேல் அதற்குச் சான்று எதனையும் நாங்கள் காணவில்லை. ஆயினும் அக்கதையைக் கேட்டே பலர் வருகின்றனர். நாங்களும் அவ்வாறே வந்தோம் என்பதை மறைப்பானேன்?

வழியில் தேயிலைச் செடிகளைக் கண்டோம். செடிகள் என்பதைவிட மரங்கள் என்பதே பொருந்தும். தேயிலையைக் காலத்தில் கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தினால்தான் கை எட்டும் உயரத்தில் கொழுந்து வரும். கவாத்து நின்றால் செடி தன் போக்கில் உயர்ந்து மரமாகிவிடும். போனக்காட்டுத் தோட்டம் இந்நூற்றாண்டில் படிப்படியாக நலிந்தது. ஆலையின் ஓசையும் அடங்கிற்று. மேலே புகைபோக்கி இல்லாத வானத்தை மூடுபனி மூடியது. சரிவின் கீழே லயங்கள் நீண்டு கிடந்தன. சில வீடுகளின் கூரை சரிந்திருந்தது. சிலவற்றின் வாசலில் கோலம் இருந்தது.

அவ்வாசல்களுள் ஒன்றில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் வழி கேட்டோம். எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பேய் பங்களா பார்க்கவா வந்தீங்க, மக்களே? வாறவங்க எல்லாம் அதைத்தான் கேட்காங்க. லயத்தை ஒருத்தரும் கேட்கல்ல. உட்காருங்க, தேயிலை போடுறேன்."

துணைவியார் அவரை ஆச்சி என்று அழைத்து அருகில் அமர்ந்தார். தேநீர் வந்தது. இந்தத் தோட்டத்து இலையா என்று கேட்டோம். கடையில் வாங்கிய பொட்டலத் தூள் என்றார்.

அவருடைய பாட்டனார் நாஞ்சில் நாட்டிலிருந்து கங்காணி ஒருவருடன் மலையேறி வந்தவர். திருவிதாங்கூர் மலைகளில் ஐரோப்பியர் தோட்டங்கள் திறந்த நாளிலிருந்து தமிழ்நாட்டுச் சமவெளி மக்கள் இவ்வாறே அழைத்து வரப்பட்டனர். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. "எங்க தாத்தா ஊர் அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டோம்" என்றார் ஆச்சி. பள்ளியில் மலையாளம் படித்த பேரப்பிள்ளைகள் நகரத்தில் வேலை பார்க்கின்றனர். வந்துவிடுமாறு பலமுறை அழைத்தும் இவர் செல்லவில்லை.

ஏன் என்று வினவினோம். முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்ததற்குரிய பணிக்கொடை தம் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றார். "இந்த அறையை விட்டுட்டுப் போனா, இங்கே வேலை செஞ்சேன்னு யாருகிட்டே காட்டுவேன், மக்களே?"

1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று விதித்தது. நல்ல விதிதான். ஆயினும் அவ்வீடு தொழிலாளிக்குச் சொந்தமாவதில்லை. வேலை உள்ளவரைதான் உறைவிடம். 1972இல் வந்த பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர்க்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கு வகுத்தது. அக்கணக்கின்படி முப்பத்தாறு ஆண்டுகளுக்கு ஐந்நூற்று நாற்பது நாள் ஊதியம். அத்தொகைக்காகவே ஒருவர் சரிந்த கூரையின் கீழ்க் காத்திருக்கிறார்.

பின் அவர் எங்களை ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க இருக்கிற ஊரிலே வீடு சொந்தமா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வளைகுடாவில் நாங்கள் வாழும் இல்லம் நிறுவனம் தந்தது. குடியிருக்கும் உரிமையும் வேலையைச் சார்ந்தது. வேலை முடியும் நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும். மின்தூக்கியும் குளிர்சாதனமும் உண்டு என்பதைத் தவிர, எங்கள் அடுக்குமாடிக்கும் அந்த லயத்திற்கும் உள்ள வேறுபாட்டை எங்களால் உடனே சொல்ல இயலவில்லை. "கம்பெனி வீடுதான், ஆச்சி" என்றார் துணைவியார். மூதாட்டி தலையை அசைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் பழைய சம்பளச் சீட்டுகளும், வருங்கால வைப்பு நிதி எண் எழுதிய அட்டையும், இறந்த கணவரின் புகைப்படமும் இருந்தன. சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, பணியில் சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் படமெடுத்து அவருடைய பேரனின் கைப்பேசிக்கு அனுப்பினோம். பேரனுடன் பேசி, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொன்னோம். எங்களால் அன்று இயன்றது இவ்வளவே. அதற்குள் மாலைப் பேருந்தின் நேரம் நெருங்கிற்று. பங்களாவைக் காணாமலே திரும்பினோம்.

தாவர ஆய்வாளர்களின் ஏடுகளில் இவ்வூரின் பெயர் 'போன் அக்கார்டு' எனவும் எழுதப்பட்டுள்ளது. பிரெஞ்சு மொழியில் அச்சொற்களுக்கு நல்ல உடன்பாடு என்பது பொருள். விதுரா வரும்வரை நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

போனக்காடு செல்ல விரும்பும் அன்பர்கள் சிலவற்றை நினைவிற் கொள்க. அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும். முன்னரே வனத்துறையிடம் கேட்டறிக. பேருந்துகள் மிகுதியில்லை, திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்க. மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை உண்டு. உணவைக் கையோடு கொண்டு செல்க. நெகிழிப் பைகளைக் காட்டில் விட்டு வராதீர். லயங்களைக் கேளாது படம் எடுக்காதீர். அவை பிறர் வாழும் இல்லங்கள்.

மற்றொன்றும் கூறுவோம். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வைப்பு நிதி எண், பணிமுடிவுக் கொடைக் கணக்கு ஆகிய தாள்களை நம் இல்லங்களில் எத்தனை பேர் ஒழுங்காக வைத்திருக்கிறோம்? ஊர் திரும்பிய அன்றிரவே நாங்கள் எங்கள் அலமாரியைத் திறந்தோம். எங்கள் முதல் வேலையின் ஒப்பந்தத்தை அன்று தேடத் தொடங்கினோம், இன்னும் கிடைக்கவில்லை.