பத்தாமவராகச் செல்வோம்



பெருந்துயருற்றவர் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்கிறார். செபிக்க முயன்றாலும் சொற்கள் வருவதில்லை. அந்த வேளையில் அவரைத் தனியே விட்டுவிடாத வழிபாட்டு முறை ஒன்று, நம் ஆண்டவர் பிறந்த யூத குலத்தில் உண்டு.

யூதர்களின் முழுமையான பொதுவழிபாட்டுக்கு வயதுவந்த பத்துப்பேர் கூடவேண்டும். இதனை ‘மின்யான்’ என்பர். பழைய முறைமையில் ஆண்களே எண்ணப்படுவர். இன்று பல சபைகளில் பெண்களும் எண்ணப்படுகின்றனர். கற்றறிந்த ரபிமார் ஒன்பதுபேர் இருந்தாலும், பத்தாமவராக ஓர் எளிய தொழிலாளி வரும்வரை காத்திருக்கவே வேண்டும்.

தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினொரு மாதங்கள் ‘கதீஷ்’ என்னும் செபத்தைச் சொல்வது அவர்களது வழக்கம். அதில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இறைபுகழ்ச்சியே உண்டு. அதைத் தனியே சொல்ல இயலாது. கூடியிருப்போர் ‘ஆமென்’ என மறுமொழி கூறவேண்டும். இதனால் துக்கத்தில் இருப்பவர் நாள்தோறும் எழுந்து மனிதரிடையே செல்கிறார். குலைந்துபோன அவரது நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. அவரது இழப்பைப் பிறரும் அறிந்து ஏற்கின்றனர். தளர்ந்த குரலுக்குப் பல குரல்கள் துணைநிற்கின்றன.

முதல் ஏழு நாட்களோ ஊரார் அவர் இல்லத்துக்கே வந்து செபிக்கின்றனர். இறந்தோருக்கான ஏழுநாள் துக்கத்தைச் சீராக்கின் ஞானநூலும் (22:12) குறிப்பிடுகிறது. மார்த்தா, மரியாவைத் தேற்ற யூதர் பலர் வந்திருந்ததாக யோவான் (11:19) எழுதுகிறார்.

நமது மட்டக்களப்பு வாவிக்கரையும் பெருந்துயர்களை அறியும். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், நாவலடியிலும் கல்லடியிலும் கடல் குடும்பங்களைக் கொண்டுசென்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் சிறுவர் பலர் மடிந்தனர்.

மரணம் நிகழ்ந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்கிறோம். முப்பத்தோராம் நாள் திருப்பலியிலும் பங்குகொள்கிறோம். அதன்பின்? உறவினர் திரும்பிச் சென்றபிறகே அவ்வீட்டின் வெறுமை பெரிதாகிறது. பதினொரு மாத ‘கதீஷ்’ நமக்கு உணர்த்துவது இதையே. அவர் உறக்கமும் உணவுமின்றித் தவித்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடமையே.

சென்ற ஆண்டு துயருற்ற ஓர் இல்லம் உங்கள் தெருவிலும் இருக்கலாம். இன்று மாலை குடும்பமாக அங்கே செல்லுங்கள். ஆறுதல்மொழி தேடவேண்டாம், அவர்கள் செபிக்கும்போது ‘ஆமென்’ சொல்ல நீங்கள் அருகிருந்தால் போதும்.

இறைவா, அழுவோரின் இல்லத்தில் பத்தாமவராக அமரும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.