கண்ணெரிச்சலுக்குக் கணக்குக் கேட்ட விஞ்ஞானி

காற்று ஊருக்குப் பொது என்பார்கள். அதற்கு வரி இல்லை, வேலி இல்லை, மாளிகையிலும் குடிசையிலும் வீசுவது ஒரே காற்றுதான் என்பார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அந்தப் பொதுச் சொத்தில் நஞ்சைக் கலந்தவன் யார் என்று கேட்டால் மட்டும் ஊரே ஊமையாகிவிடுவது ஏன்? இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை கண்ட ஒருவரின் வரலாற்றைத் தோழர்கள் அறிய வேண்டும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம். 1943 ஜூலை 26. பட்டப்பகலில் நகரைப் புகைப்படலம் கவ்வியது. மூன்று தெருவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்ணில் நீர் வடிந்தது, தொண்டை கமறியது. யுத்த காலம் அல்லவா? ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்று பலர் அஞ்சினர். பிறகு, செயற்கை ரப்பருக்கான பியூட்டடையீன் தயாரித்த ஆலைமீது பழி விழுந்தது. ஆலையை மூடிப் பார்த்தார்கள். புகையோ போகவில்லை!

ஆலைப் புகைபோக்கியைச் சாடினார்கள். கொல்லைப்புறத்தில் குப்பை எரிப்பவனைச் சாடினார்கள். அவற்றிலும் குற்றம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய குற்றவாளி, பளபளக்கும் வண்ணம் பூசிக்கொண்டு சாலையெங்கும் சக்கரத்தில் உருண்டுகொண்டிருந்தான்!

அவனைக் காட்டிக்கொடுத்தவர் ஏரி ஹாகன்-ஸ்மிட். 1900இல் ஹாலந்து நாட்டில் பிறந்தவர். கலிபோர்னியாவின் கால்டெக் கழகத்தில் இரசாயனப் பேராசிரியர். அன்னாசிப் பழத்துக்கு மணம் தருவது எது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் மணத்தைக் குளிரவைத்துப் பிடிக்கும் அதே முறையில் நகரத்துக் காற்றையும் பிடித்தார். சிக்கியது மணமல்ல, நாற்றமெடுத்த சில பழுப்புத் துளிகள்!

அவர் கண்டது இதுதான். மோட்டார் வண்டியிலிருந்து எரியாத பெட்ரோல் ஆவி வெளியேறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடும் வெளியேறுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. வெயில் இவற்றை அடுப்பிலேற்றுகிறது. சூரிய ஒளி நைட்ரஜன் டை ஆக்சைடை உடைக்க, பிரிந்த பிராணவாயு அணு காற்றிலுள்ள பிராணவாயுவோடு ஒட்டி ஓசோனாகிறது. பெட்ரோல் ஆவி இந்தச் சமையல் ஓயாமல் நடக்கத் துணை செய்கிறது. விண்ணுயரத்தில் ஓசோன் நமக்குக் குடை. கொடிய கதிர்களைத் தடுக்கிறது. மூக்கருகே வந்தாலோ அது கொள்ளி, நுரையீரலைச் சுடுகிறது.

சாட்சி எங்கே என்று கேட்டார்கள். ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைத்தார். ஓசோன் பட்ட ரப்பர் வெடித்தது. எத்தனை நிமிடத்தில் வெடிக்கிறது என்பதையே அளவுகோலாக்கினார். கீரைப் பயிர்களைக் கூண்டில் அடைத்துச் செயற்கைப் புகையூட்டினார். வயலில் கண்ட அதே கருகல் இலையில் விழுந்தது. 1952இல் ஆய்வுக் கட்டுரையாக உலகின்முன் வைத்தார்.

எண்ணெய் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பணம் கொடுத்துத் தனி ஆராய்ச்சி நடத்தினார்கள். பேராசிரியரின் முடிவு தவறு என்று அங்கிருந்து குரல் எழுந்தது. அவர் அஞ்சினாரா? இல்லை! அன்னாசியை ஒதுக்கி வைத்துவிட்டுப் புகை ஆராய்ச்சியிலேயே முழு மூச்சாய் இறங்கினார். சோதனைமேல் சோதனை செய்தார். இறுதியில் அவர் சொன்னதே நின்றது.

உண்மை நின்றதும் நீதி கிடைத்ததா? அதற்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. புகை கட்டுப்படுத்தும் கருவிகள் வருவதைத் தாமதப்படுத்தக் கூட்டுச் சதி செய்தார்கள் என்று, 1969இல் அமெரிக்க சர்க்காரே மோட்டார் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் வழக்கு விசாரணையின்றிச் சமரசத்தில் முடிந்தது. கண்ணெரிச்சல் மக்களுக்கு, சமரசம் கம்பெனிகளுக்கு!

ஆயினும் உழைப்பு வீண்போகவில்லை. 1968இல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு ஹாகன்-ஸ்மிட் முதல் தலைவரானார். 1970இல் நாடு முழுதுக்கும் கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் புகையைச் சுத்தம் செய்யும் கருவி பரவலாயிற்று. அவர் 1977இல் மறைந்தார். அதன்பின் வண்டிகள் பெருகியும் லாஸ் ஏஞ்செல்ஸின் ஓசோன் உச்சம் வெகுவாகத் தாழ்ந்தது. இன்றும் அது அந்நாட்டில் ஓசோன் மிகுந்த பகுதிகளில் ஒன்றுதான்; வேலை முடியவில்லை.

இதில் உழைப்பாளிக்கு என்ன என்று கேட்கலாம். சொல்கிறோம். ஓசோன் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏற ஏற அது பெருகும். பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். அந்நேரத்தில் சாலை போடுபவன் யார்? மூட்டை தூக்குபவன் யார்? இரைக்க இரைக்க உழைப்பவன்தான் மிகுதியான காற்றை இழுக்கிறான்; மிகுதியான நஞ்சும் அவனுக்கே! எட்டு மணி நேரச் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் ஓசோனுக்குமேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு மணி நேரம்! ஒரு தொழிலாளியின் வேலை நாள் அது.

ஆகவே, தொழிலாளி கூலியைக் கணக்கிட்டுக் கேட்பதுபோல், தான் சுவாசிக்கும் காற்றின் கணக்கையும் கேட்கவேண்டும். காற்றை அளந்து எண்களை வெளியிடு என்று கேட்க வேண்டும். இலாபம் அடைபவன் தரும் ஆராய்ச்சியை, யார் பணத்தில் வந்தது என்று பார்த்தே நம்ப வேண்டும். பழி யார்மீதோ விழுந்து, புகை மட்டும் போகாமலிருந்தால், உண்மைக் குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்!