நடக்கும் தூரத்தில் இரண்டு பள்ளிகள்: நியூயார்க்கில் நிறப் பிரிவினை தொடர்வது ஏன்?

நிறத்தின் அடிப்படையில் அரசுப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. ஆனால், பள்ளிப் பிரிவினை மிக மோசமாக இருக்கும் மாநிலங்களில் நியூயார்க்கும் ஒன்று என்கிறது 2014-ல் வெளியான கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு. சட்டம் பிரிக்கவில்லை. அப்போ யார் பிரிக்கிறாங்க?

முகவரிதான் அட்மிஷன்

நியூயார்க்கின் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் வீட்டு முகவரியை வைத்துத்தான் இடம். ஏழைகள் வாழும் பகுதியில் வசதியானவர்கள் குடியேற, வாடகை எகிறுவதை 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்கிறார்கள். பணக்காரர்கள் பக்கத்துல வந்துட்டா பள்ளியும் கலந்துடும்னு தோணும். நடப்பது வேறு.

புரூக்ளினில் வெள்ளையர் அதிகம் படிக்கும் பி.எஸ். 8 பள்ளி நிரம்பி வழிந்தது. சற்றுத் தள்ளியிருந்த பி.எஸ். 307-ல் இடம் காலி. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் அரசுக் குடியிருப்பைச் சேர்ந்த கறுப்பின, லத்தீன் குழந்தைகள். 2015-ல் எல்லையை மாற்றும் திட்டம் வந்தபோது, வசதியான பெற்றோர் சிலர் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டித் தயங்கினார்கள். 307 பெற்றோருக்கு வேறு பயம்: 'நாம வளர்த்த பள்ளி நம்ம கையை விட்டுப் போயிடுமோ?' 2016 ஜனவரியில் மாற்றம் ஒப்புதல் பெற்றது.

நிறம் பார்த்தே இடம் ஒதுக்கலாமே?

முடியாது. ஒரு மாணவரின் நிறத்தை மட்டும் வைத்துப் பள்ளி ஒதுக்கக் கூடாது என 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் வருமானம்தான் சுற்றுவழி.

புரூக்ளினின் 15-வது பள்ளி மாவட்டம் அந்த வழியில் போனது. அங்குள்ள 11 நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண், வருகைப் பதிவு பார்த்துச் சேர்க்கும் முறை 2019 முதல் கைவிடப்பட்டது. இப்போது குலுக்கல். 52% இடங்களில் ஏழைகள், வீடற்றோர், ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு முன்னுரிமை. முதல் ஆண்டிலேயே 6-ம் வகுப்புச் சேர்க்கையில் மாற்றம் தெரிந்தது.

சீட் கிடைத்தால் போதுமா?

போதாது. நியூயார்க்கில் சில பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டுகின்றன. பல பள்ளிகளில் சில ஆயிரம்கூடத் தேறாது. ஒரே பள்ளிக்குள் பணக்காரரும் ஏழையும் வந்த பிறகும், நிதி திரட்டுபவர் சொல்வதே எடுபடும் என்றால், 307 பெற்றோரின் பயம் அப்படியே இருக்கும். குலுக்கலில் இடம் கிடைக்கும். கூட்டத்தில் யார் பேச்சுக்கு மதிப்பு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யாது.