சாயும் தண்டும் தடுமாறும் சக்கரமும்

வானலைக் கட்டுப்பாட்டில் ஓடும் சிறு பக்கி வண்டிகளைப் பந்தயத் தடத்தில் கண்டோர், வளைவில் அவற்றின் முன்சக்கரம் நடுங்குவதையும், மேடுபள்ளத்தில் விசையைக் கூட்டியவுடன் பின்புறம் துள்ளுவதையும் கவனித்திருப்பர். உடனே டயரையோ சுருள்வில்லையோ குறைகூறுவது வழக்கம். இயக்குதண்டின் கோணத்தை நோக்குவோர் சிலரே. டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்திற்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் எஃகுத் தண்டையே இயக்குதண்டு என்கிறோம்; பட்டறையில் அது 'டிரைவ் ஷாஃப்ட்'.

தண்டும் சக்கர அச்சும் ஒரே நேர்கோட்டில் நில்லாதபோது அவற்றை இணைப்பது கார்டன் மூட்டு. 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் ஆராய்ந்த இம்மூட்டில் ஒரு விந்தை உண்டு. தண்டு சீராகச் சுழன்றாலும் அச்சு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை விரைந்து இருமுறை தளரும். அதன் வேகம், கோணத்தின் கோசைன் மதிப்புக்கும் அம்மதிப்பின் தலைகீழுக்கும் இடையே ஊசலாடும். 10 பாகையில் இவ்வூசல் ஏறத்தாழ 1.5 விழுக்காடே. 30 பாகையிலோ வேகம் 13 விழுக்காடு குறைந்தும் 15 விழுக்காடு மிகுந்தும் மாறும். கோணம் மும்மடங்கானால் தடுமாற்றமும் மும்மடங்காகும் என்று மாணவர் எண்ணக்கூடும். அது ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது!

தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் உள்ளன. இரண்டிலும் கோணம் சமமாகவும், குறுக்கூசிகள் ஒன்றுக்கொன்று இணையாகவும் அமைந்தால், ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது போக்கிவிடும். பின்சக்கரங்களில் இச்சமநிலை பெரும்பாலும் கிட்டுகிறது. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில் முன்சக்கரத்தைத் திருப்பும்போது வெளிமூட்டு மட்டுமே மிகுதியாக வளைகிறது. நடுக்கத்தின் காரணம் இதுவே. அதனாற்றான் முன்புறத்தில், வளைவை இரண்டாகப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை மூட்டுத் தண்டுகளைப் பலர் பொருத்துகின்றனர்.

பின்புறத்துச் சிக்கல் வேறு. சக்கரம் ஏறி இறங்குகையில் தண்டின் ஊசி, டிஃபரென்ஷியலின் பிளவுக் கிண்ணத்துள் வழுக்க வேண்டும். தண்டு 65 மில்லிமீட்டர் நீளமுடையது என்றும், சக்கரம் செங்குத்தாக ஏறுகிறது என்றும் கொள்வோம். கிடைநிலையிலிருந்து முதல் 10 மில்லிமீட்டர் ஏற்றத்திற்கு வழுக்கல் சுமார் 0.8 மில்லிமீட்டர், அடுத்த 10 மில்லிமீட்டருக்கோ சுமார் 2.4. உண்மையில் சக்கரத்தைத் தாங்கும் கையும் வில்போல் வளைந்து இயங்குவதால் அளவு மாறும்; ஆயினும் போக்கு விளங்கும். மோட்டார் விசை தரும்போது ஊசி கிண்ணச் சுவரை அழுத்த, உராய்வு வழுக்கலைத் தடுக்கிறது. சஸ்பென்ஷன் இறுகுகிறது, சக்கரம் பள்ளத்தைத் தொடாமல் தாண்டுகிறது. வண்டி நிற்கும் உயரத்தில் தண்டு கிடையாக அமையட்டும் என்று பழகியோர் கூறுவது வெறும் மரபன்று. அதிர்வுத் தாங்கியைக் கழற்றிவிட்டு, ஒருவர் மோட்டார்ப் பல்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் அசையாமல் பிடித்திருக்க, மற்றொருவர் மறுபக்கப் பின்சக்கரத்தை முறுக்கியபடியே மேலும் கீழும் அசைத்தால் இவ்விறுக்கம் கைக்கே தெரியும். வகுப்பறைக்கு ஏற்ற சோதனை இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சக்கரத் தாங்கியை 2 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினால் தண்டின் கோணம் மாறும். உடன் சக்கர இடைத்தூரம் குறைந்து, பின்சக்கரங்களின் மீது விழும் எடைப்பங்கும் கூடும். பிடிமானம் மிகுந்தால் எதனைக் காரணமென்பது? மின்கலத்தைச் சற்று முன்னே தள்ளி, தராசில் பழைய எடைப்பங்கை மீட்டபின், அதே டயர்களுடன் அதே தடத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.