பொதுக்கோப்பு யாருக்கு உரியது?

அரியலூரில் 1998ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஆவணம் ஒன்றில் மாவட்டத்தின் பெயர் பெரம்பலூர் என்றிருக்கும். 2001இல் எழுதப்பட்டதில் அரியலூர் என்றும், 2004இல் எழுதப்பட்டதில் மீண்டும் பெரம்பலூர் என்றும், 2008இல் எழுதப்பட்டதில் அரியலூர் என்றும் காணப்படும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டது. 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஊர் இடம்பெயரவில்லை. ஆவணம் எழுதப்பட்ட நாளில் நிலவிய பிரிவே அதன்மேல் பதிந்தது. கணினியில் புதிதாக உருவாகும் கோப்பின்மீதும் இத்தகைய பதிவு ஒன்று அமைகிறது. அது எவ்வாறு அமைகிறது எனக் காண்போம்.

உரிமையாளரும் குழுவும்

யூனிக்ஸ் மரபில் வந்த இயக்க அமைப்புகளுள் லினக்ஸ் குறிப்பிடத்தக்கது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸும் இம்மரபைச் சார்ந்ததே. இவற்றில் ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர் ஒருவரும் குழு ஒன்றும் உண்டு. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன. கோப்பை உருவாக்கியவரே அதன் உரிமையாளர், இதில் ஐயமில்லை. குழுவைத் தீர்மானிப்பதில்தான் இரு மரபுகள் உள்ளன.

இரு மரபுகள்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ், பின்னர்ப் பல கிளைகளாகப் பிரிந்தது. உருவாக்குபவர் அவ்வேளையில் எக்குழுவின் பெயரால் செயற்படுகிறாரோ, அக்குழுவையே கோப்பிற்கு அளித்தது சிஸ்டம் ஃபைவ் கிளை. கோப்பு எக்கோப்புறையில் உருவாகிறதோ, அக்கோப்புறையின் குழுவை அளித்தது பெர்க்லி கிளை. முன்னது ஆளைப் பார்க்கிறது. பின்னது இடத்தைப் பார்க்கிறது. லினக்ஸ் இயல்பாக முதல் வழியைப் பின்பற்றுகிறது. ஆயினும், ஒரு கோப்புறையில் ‘செட்ஜிட்’ என்னும் குறியை இட்டுவிட்டால், அதனுள் மட்டும் இரண்டாம் வழியே செல்லும். அங்கு உருவாகும் உட்கோப்புறைகளும் அக்குறியைப் பெற்றுக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரம் உள்ளது. அதனைப் பற்றி மாணவர் ஐவர் ஒரு பொதுக் கோப்புறையில் கட்டுரை தொகுப்பதாகக் கொள்வோம். கயல்விழி முதற்பகுதியை எழுதிச் சேமிக்கிறாள். அவளுடைய தனிக்குழுவே கோப்பில் பதிகிறது. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அன்பரசனால் அதனைப் படிக்க முடிகிறது. ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியவில்லை. ஒப்படைக்கவேண்டிய நாளில் ஐவரின் உழைப்பும் நின்றுபோகிறது. குற்றம் கயல்விழியுடையதன்று. ஐவரையும் ஒரு குழுவாக்கி, கோப்புறையை அக்குழுவிற்கு உரியதாக்கி, செட்ஜிட் குறியையும் முன்னரே இட்டிருக்கவேண்டும்.

அதுமட்டும் போதாது. குழுவினருக்கு எழுதும் அனுமதியும் வேண்டும். புதிய கோப்பின் தொடக்க அனுமதிகளுள் எவற்றை நீக்குவது என்பதை ‘யூமாஸ்க்’ என்னும் அமைப்பு வரையறுக்கிறது. அதன் மதிப்பு 022 எனில் குழுவினர் எழுத இயலாது; 002 எனில் இயலும்.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. குறியிடுவதற்கு முன்பே இருந்த கோப்புகளின் குழு தானாக மாறாது. 2007க்குப் பின்னும் பழைய ஆவணத்தில் பெரம்பலூர் என்றே இருப்பதைப் போன்றது இது. வேறிடத்திலிருந்து நகர்த்தப்படும் கோப்பும் பழைய குழுவுடனேயே வரும். படியெடுத்தால் புதிய கோப்பு உருவாவதால், வழக்கமாகப் புதிய குழுவைப் பெறும்.

கூடி உழைப்போர் நல்லெண்ணம் உடையவராய் இருப்பினும், உருவாவது அனைவர்க்கும் உரியதாக வேண்டுமெனில் அதற்கான ஏற்பாடு முதல் வரியை எழுதுமுன்னரே அமைதல் வேண்டும்.